மேட்டுக்கு மொட்டை

சிவமயம்
முதலியார்பேட்டை, புதுச்சேரி
24 அக்டோபர் 2005

அன்பு நண்பர் மாசிலாமணிக்கு,

நலம் கேட்டு எழுதத்தான் அமர்ந்தேன், சினம் முந்திக்கொண்டது.

மழை விட்டதும் செம்மேட்டு ஈசுவரன் கோயிலுக்குப் போனேன். உமது உழவாரக் கூட்டம் புரட்டாசியில் மேட்டின் தென்சரிவு முழுவதும் புல்லையும் காரைப் புதரையும் செதுக்கித் தூய்மை செய்ததல்லவா? அங்கே இப்போது முழங்காலளவு பள்ளங்கள். கரைந்த மண் அத்தனையும் திருக்குளத்தில். திருமஞ்சனத்துக்கு மொண்ட குடத்தில் பாதி சேறு. குருக்கள் லாரித் தண்ணீரை வரவழைத்து ஈசனை நீராட்டினார்.

பூ விற்கும் அஞ்சலாட்சி என்னைப் பார்த்து, "மேட்டுக்கு மொட்ட போட்டுட்டீங்க, காது எப்ப குத்தப் போறீங்க சாமி?" என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வடசரிவு ஒன்றே மிஞ்சியிருக்கிறது. அதையும் செதுக்கினால் அடுத்த ஐப்பசியில் திருக்குளமே இராது. அதன்மேல் உழவாரப்படையின் அலகு படக் கூடாது.

சுப்பிரமணியன்


திருச்சிற்றம்பலம்
லாஸ்பேட்டை
27 அக்டோபர் 2005

பெரும்புலவர் சுப்பிரமணியன் அவர்களுக்கு,

பூக்காரியின் கேலியைக் கடிதத்தில் ஏற்றி அனுப்பியிருக்கிறீர். நன்று.

கோயில் எல்லையில் முளைக்கும் புல்லை அகற்றுவது அடியார் தொண்டு என்று எனக்குச் சொன்னவரே நீர்தாம். புதரில் நாகம் கண்டு பெண்கள் மேட்டை வலம் வர அஞ்சினார்கள். மண்ணைக் கரைத்தது மழை. அதற்கும் நானா பொறுப்பு?

கார்த்திகைத் தீபத்துக்கு முந்திய ஞாயிறு வடசரிவில் இறங்குகிறோம். தடுக்க வேண்டுமானால் வந்து குறுக்கே படுத்துக்கொள்ளும்.

மாசிலாமணி
தலைவர், உழவாரத் திருக்கூட்டம்


சிவமயம்
முதலியார்பேட்டை
31 அக்டோபர் 2005

மாசிலாமணிக்கு,

அன்பு என்ற சொல்லை உமக்கு எழுதக் கை வரவில்லை.

தொண்டு என்று சொன்னவன் நானே. மதிலிலும் விமானத்திலும் வேர்விடும் செடியைச் சொன்னேன். கல்லைப் பிளப்பது வேர். மண்ணைப் பிடிப்பதும் வேர். இந்த வேற்றுமை அறியாத கைக்கு உழவாரம் எதற்கு? பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக இருந்தவர், கண்டதையெல்லாம் பகையென்றே வெட்டிப் பழகிவிட்டீர்.

எட்டுத் திங்கள் காய்ந்து கிடக்கும் செம்மண் அது. எஞ்சிய திங்களில் மழை கொட்டித் தீர்க்கிறது. வெற்று மண்ணில் துளி நேரே அறைந்தால் மேற்புறம் இறுகிப்போகும். நீர் உள்ளே இறங்காமல் மண்ணை வாரிக்கொண்டு ஓடும். வானத்துக் கங்கை இறங்கியபோது ஈசன் எதற்காகத் தன் சடையில் ஏற்றான்? நேரே விழுந்தால் நிலம் தாங்காது என்றுதானே? அந்த மேட்டுப் புல்லை அவன் சடையென்றே வணங்கி வந்தேன். அதை மழித்த கையால் எப்படி ஐயா திருநீறு பூசுகிறீர்?

குறுக்கே படுக்கச் சொன்னீர். படுப்பேன். என்னைத் தாண்டிப் போய்ச் செதுக்கும்.

சுப்பிரமணியன்


திருச்சிற்றம்பலம்
லாஸ்பேட்டை
8 டிசம்பர் 2005

சுப்பிரமணியனுக்கு,

நீர் எழுதியது பொய்யென்று காட்டவே கொட்டும் மழையில் மேட்டுக்குப் போனேன். தென்சரிவு வெள்ளம் செங்கல்லைக் கரைத்தாற்போல் ஓடி வந்து என் செருப்பை இழுத்துப் போயிற்று. அதே மழையில் வடசரிவின் புல்லடியிலிருந்து நீர் மெல்லக் கசிந்து வந்தது. கையில் ஏந்தினேன், உள்ளங்கை ரேகை தெரிந்தது. குடத்தில் பிடித்துக் குருக்களிடம் கொடுத்தேன். அன்று லாரியை அவர் கூப்பிடவில்லை.

திருநீற்றை இழுத்துப் பேசினீர். அதை நான் மறக்கப் போவதில்லை. உமது வீட்டுப் படியும் ஏறேன்.

ஞாயிறன்று கூட்டம் வரும். மதிலில் முளைத்த ஆலங்கன்றுகளை மட்டும் பிடுங்குவார்கள். பிறகு, ஈரம் காயுமுன் தென்சரிவில் புல் பதிக்க வேண்டும். செதுக்கத் தெரிந்த எங்களில் ஒருவருக்கும் நடத் தெரியாது.

படுக்க வருவதாகச் சொல்லியிருந்தீர். பாய் வேண்டாம், மண்வெட்டி கொண்டுவாரும்.

மாசிலாமணி