இடது காதுக் குழல்

யாரும் நம்பமாட்டாத கதை ஒன்றைச் சத்தியம் செய்து சொல்லப்போகிறேன். மேலே போயும் உன் சந்தேகப் புத்தி போயிருக்காது, நீயும் நம்பமாட்டாய்.

இன்று காலை, அவித்த மொச்சைக்கொட்டை போன்ற இரண்டு வயரில்லா இயர்போன்களைத் தன் காதிலிருந்து பிடுங்கி என் காதுகளில் அமுக்கினாள் அண்ணன் மகள். "ஆடாதீங்க சித்தப்பா, விழுந்துரும்!" இன்னொருவர் காதின் வெதுவெதுப்பு, எண்ணெய் வாடை. சீ! உடனே உன் ஞாபகம் வந்தது.

நாம் ராமச்சந்திராபுரம் ஆலைக்குப் போன பஸ், ஒரு காலத்தில் சாம்ராஜ்யமடா! டிரைவர் போட்ட கேசட்டுக்கு மொத்த பஸ்ஸும் அடித்துக்கொள்ளும். பாட்டுப் பிடிக்காத ஃபிட்டர் ஒருவர் ஓடும் பஸ்ஸிலிருந்து குதித்து, நமக்கு முன்பே ஆலைக்குப் போய்விட்டார். பிறகு நீ வாக்மேனோடு ஏறினாய். உன்னைப் பார்த்து ஊரே வாங்கியது. ஆளுக்கொரு பாட்டு, பஸ் பிணவண்டியாயிற்று. வாங்காத கருமி நான் மட்டுமே. பாவம் பார்த்து வலது பக்க இயர்போனை எனக்குக் கொடுத்தாய், இடது உனக்கு.

"அடடா, என்ன குழல்டா!" என்றாய் ஒருநாள்.

"குழலா? வெறும் வயலின்தான் கேக்குது. உன் காதுலதான் ஏதோ கத்துது."

"அரே, என் பக்கத்தை வெச்சுக் கேளு."

நீட்டினாய். எப்போதும் சீழ் வடியும் காது உனக்கு. அதில் ஊறிக் கறுத்த அந்த இயர்போன் பஞ்சில் நெல் விதைத்தால் மூன்று போகம் விளையும்.

"நக்கோ, வேண்டாம்! செத்தாலும் நக்கோ!"

அந்தச் சண்டை வருஷக்கணக்காக ஓடியது. ஒரு கோடை முழுக்க என்னோடு பேசாமல் பின்சீட்டில் போனாய். கடைசியில் ஆஸ்பத்திரியில்கூட மாஸ்க்கை விலக்கி, "இருக்குடா" என்றாய். "இல்லை" என்றேன். சிரித்தாய். மறுநாள் நீ இல்லை.

இன்று அவள் போட்டது அதே பாட்டு. நடுவில் இடது காதில் குழல்! இடதைக் கழற்றினேன், வெறும் வயலின். பாதிப் பாட்டை உனக்கும் பாதியை எனக்கும் ஊட்டி, நம்மை மோதவிட்டிருக்கிறது அந்தப் பாழாய்ப்போன பெட்டி. தூ! அதை ஒருவன் கண்டுபிடித்தானாம், உலகம் கைதட்டியதாம்!

திருப்பிக் கொடுத்தேன். அவள் முகம் சுளித்து, அழுத்தி அழுத்தித் துடைத்தாள். "உவ்வே! காதைக் கழுவவே மாட்டீங்களா, சித்தப்பா?"

என் வம்சமடா.

இதில் முக்கால்வாசி என் சரக்கு என்று உனக்குத் தெரியும். ஒரு துளி மட்டும் நிஜம்: குழல் இருக்குடா. காலையிலிருந்து என் காதில் வேறெதுவும் விழவில்லை.