பதினெட்டாம் எண்ணின் முறை

பிப்ரவரி 3, திங்கள்

முதலில் நல்லதை எல்லாம் எழுதிவிடுகிறேன். பெரியவன் மகன் வங்கிப் பரீட்சையில் முதல் தடவையிலேயே தேறிவிட்டான். அவன் தங்கை நர்ஸ் படிப்பில் செய்முறைத் தேர்வில் வகுப்பிலேயே முதல். மகள் வீட்டு மூத்தவள் கப்பல் கட்டுகிற இடத்தில் வெல்டிங் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள், அங்கே அந்த வேலைக்குப் போன முதல் பெண் இவள்தானாம். அவள் தம்பி இன்னும் ஒன்றும் சாதிக்கவில்லை. ஆனால் போன மாதம் யாரும் சொல்லாமல் தானாகவே போய் முடி வெட்டிக்கொண்டான், அதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

இன்றைக்குக் கடைக்குட்டியின் முறை. இளையவன் மகள், ஏழாம் வகுப்பு. ஒல்லியாக இருந்துகொண்டு காதோரம் ஓயாமல் ரீங்காரம் போடுவதால் வீட்டில் கொசு என்று பேர். இவள் பள்ளிக்கூடத்திலிருந்து, பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கிற விண்வெளி நிலையத்துக்கு ரேடியோவில் பேசப் போகிறார்கள். அங்கே தமிழ் பேசுகிற ஒரு பெண் இருக்கிறாளாம், அவளிடம் பிள்ளைகள் கேள்வி கேட்கலாமாம். நானூறு பேரில் பதினெட்டுப் பேரை எடுத்திருக்கிறார்கள். என் கொசு அதில் ஒன்று.

ஐந்தாம் வகுப்போடு பையை மூலையில் போட்டவள் நான். பேத்தி ஆகாயத்தோடு பேசப் போகிறாள். போதும், வேறென்ன வேண்டும்.

பிப்ரவரி 5, புதன்

மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட்டதால் பெற்றோர் கூட்டத்துக்கு நான் போனேன். சயின்ஸ் டீச்சர் இரண்டு வருஷமாக எழுதிப் போட்டு, எழுதிப் போட்டு இந்த அனுமதியை வாங்கியிருக்கிறாள்.

ரேடியோ லைசென்ஸ் வைத்திருப்பவர் ஒருவர் பக்கத்து ஊரிலிருந்து வந்திருந்தார். பிழைப்புக்கு லிஃப்ட் மெக்கானிக், ஆசைக்கு ரேடியோ. ஆள் கொஞ்சம் வாயாடி. அவர் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன், மறந்துவிடுவேன்.

நிலையம் நம் தலைக்கு மேல் ஒரு பக்கம் எழுந்து மறுபக்கம் இறங்கும். ஒன்பதரை நிமிஷம். அதற்குள் பேசியாக வேண்டும், பிறகு எவ்வளவு கத்தினாலும் கேட்காது. ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். மைக்கில் ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்திக்கொண்டு கேள்வி கேட்க வேண்டும், "ஓவர்" என்று சொல்லிவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் மேலே இருப்பவள் பேசுவது நமக்குக் கேட்காது.

27ஆம் தேதி, மாலை நான்கு மணி பன்னிரண்டு நிமிஷத்துக்கு வருமாம். நான் கேட்டேன், "தம்பி, எங்க தெருவுக்கு வர்ற பஸ்ஸே மணி சொல்லி வராது, அது எப்படி வரும்?"

"அது டிரைவர் டீ குடிக்க நிறுத்தாதும்மா" என்றார். கூட்டமே சிரித்தது.

பிப்ரவரி 6, வியாழன்

சீட்டுக் குலுக்கிப் போட்டு வரிசை எண் கொடுத்திருக்கிறார்கள். கொசுவுக்குப் பதினெட்டு. கடைசி. வேறொரு பள்ளியில் இப்படிப் பேசினபோது பதினான்காம் பிள்ளையோடு நேரம் முடிந்துபோனதாம்.

பிப்ரவரி 8, சனி

ஒரு காரியம் செய்தேன். சரியா தப்பா என்று எழுதும்போது பார்ப்போம்.

பள்ளி மொட்டைமாடியில் லிஃப்ட்காரர் ஏரியல் கட்டிக்கொண்டிருந்தார். மீன் முள் மாதிரி இரண்டு நீளக் கம்பிகள், அடியில் ஒரு மோட்டார், நிலையம் போகிற பக்கமெல்லாம் அது திரும்புமாம். வெறுங்கையோடு போவானேன் என்று, கெட்டித் துணியில் ஒரு பை தைத்துக்கொண்டு போனேன். ஸ்பேனருக்குத் தனி அறை, திருப்புளிக்குத் தனி அறை. அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அந்தச் சூட்டோடு கேட்டேன்.

"தம்பி, என் பேத்தி கடைசியில இருக்கா. ஒரு அஞ்சு, ஆறு அப்படி முன்னால தள்ளிவிட முடியுமா?"

அவர் பையையும் என்னையும் பார்த்தார். "அம்மா, லிஃப்ட்டுக்கு வெளியில நிக்கிறவங்கள்ல யார் முதல்ல ஏறணும்னு நான் சொல்ல முடியுமா? நான் கயிறு அறுந்துடாம பாத்துக்கிறவன்."

பையை மட்டும் வைத்துக்கொண்டார். திருப்பிக் கேட்கவா முடியும்.

பிப்ரவரி 9, ஞாயிறு

கொசுவுக்குத் தெரிந்துவிட்டது. அந்த மனுஷன் வாயில் எதுவும் தங்காது போலிருக்கிறது.

"நீ போய் கேட்டியா பாட்டி? என்னை முன்னாடி விடச் சொல்லி?"

"உனக்காகத்தானே—"

"அப்ப பின்னாடி போறது யாரு? அதை யோசிச்சியா?"

சாப்பிடாமல் எழுந்து போய்விட்டாள். யோசிக்கவில்லை. உண்மையைச் சொன்னால் மற்ற பதினேழு பேருக்கும் முகம் இருப்பதே எனக்குத் தோன்றவில்லை. பன்னிரண்டு வயசு, கேட்கிற கேள்வியைப் பார். வெட்கமாக இருக்கிறது. உள்ளூரக் கொஞ்சம் பெருமையாகவும் இருக்கிறது, அதையும் மறைக்கமாட்டேன்.

பிப்ரவரி 12, புதன்

ஒத்திகை பார்க்கப் போனேன். லிஃப்ட்காரர் சாமான் அறைக்குள் உட்கார்ந்துகொண்டு விண்வெளிப் பெண்ணாகப் பேசினார். ஒரு பிள்ளை, "அங்க சாப்பாடு எப்படி இருக்கும்? ஓவர்" என்றது. "பல்பசை மாதிரி இருக்கும், ஆனா குறை சொன்னா இறக்கி விட்டுடுவாங்க, ஓவர்" என்றார்.

பதினெட்டுப் பேரும் முடிக்கப் பன்னிரண்டு நிமிஷம் ஆனது. டீச்சர் முகம் வாடிவிட்டது. "கடைசி நாலு பேருக்குக் கிடைக்காது போல" என்று மெல்லச் சொன்னாள். கொசு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

எனக்கு ஒன்று கண்ணில் பட்டது. ஒரு பிள்ளை கேட்டுவிட்டு, மைக் முன்னாலேயே நின்று பதிலைக் கேட்டு, பிறகு நடந்து போய், அப்புறம் அடுத்த பிள்ளை பெஞ்சிலிருந்து எழுந்து வருகிறது. இருபத்தாறு வருஷம் சட்டைக் கம்பெனியில் காலர் தைத்தவள் நான். ஒரு காலரைத் தைத்து, நூலை அறுத்து, எடுத்து வைத்து, அடுத்ததைத் தேடினால் லைன் என்ன ஆகும்? நூலை அறுக்கவே மாட்டோம். ஒரு பீஸ் ஊசியை விட்டுப் போகும்போதே அடுத்த பீஸ் ஊசிக்கு அடியில் நுழையும். தோரணம் மாதிரி கோத்துக்கொண்டே போகும், அறுப்பதெல்லாம் கடைசியில்தான்.

எழுந்து சொல்லிவிட்டேன். பிள்ளைகள் தோளோடு தோள் ஒட்டி நிற்க வேண்டும். கேட்ட பிள்ளை "ஓவர்" என்றதும் பொத்தானை விட்டு ஓரடி பக்கத்தில் நகர்ந்து, அங்கே நின்று பதில் கேட்க வேண்டும். பதில் வந்துகொண்டிருக்கும்போதே அடுத்த பிள்ளை மைக் முன்னால் நிற்க வேண்டும்.

திரும்பச் செய்தார்கள். பத்து நிமிஷம் இருபது வினாடி.

டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டாள். லிஃப்ட்காரர், "இவங்களை முன்னாடியே கூப்பிட்டிருக்கணும்" என்றார். கொசு மூன்று நாளுக்குப் பிறகு என்னிடம் பேசினாள். "பரவால்ல பாட்டி, நீ." அவ்வளவுதான். எனக்கு அது போதும்.

பிப்ரவரி 15, சனி

இன்னும் ஐம்பது வினாடி குறைக்க வேண்டும். மெதுவாகப் பேசுகிற பிள்ளைகளை வீட்டுக்கு வரச் சொன்னேன். ஐந்து பேர் வந்தார்கள். பதினொன்றாம் எண் பெண்தான் ரொம்ப இழுப்பு. பயந்த சுபாவம், ஒவ்வொரு வார்த்தையையும் தண்ணீர்க் குடம் மாதிரி தளும்பாமல் தூக்கிக்கொண்டு வருகிறாள்.

சுவர்க் கடிகாரத்தின் கீழே நிற்க வைத்தேன். கேள்வி மட்டும் போதும், ஓவர் கீவர் எல்லாம் அங்கே போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்றேன். மைக்குக்குப் பதில் கையில் ஒரு கரண்டி. "கேள்வி முடிஞ்சதா, வாயை மூடு, அசையாம நில்லு. வால் விடாதே." இருபது தடவை. பதினான்கு வினாடி எடுத்தவள் ஏழுக்கு வந்துவிட்டாள்! போகும்போது அவளாகவே கிட்டே வந்து, "தேங்க்ஸ் பாட்டி" என்றாள். தங்கமான பிள்ளை.

பிப்ரவரி 20, வியாழன்

ஒன்பது நிமிஷம் இருபத்தைந்து வினாடி. பதினெட்டுப் பேரும். மைக் வராததால் இன்றைக்கும் கரண்டிதான்.

பிப்ரவரி 26, புதன்

கொசுவின் கேள்வி: "நீங்க கீழ வந்ததும் முதல்ல எதை மோந்து பாக்க ஆசைப்படுறீங்க?" குளியலறையில் சொல்கிறாள், செருப்பு மாட்டும்போது சொல்கிறாள். நாளை இந்நேரம் பதில் தெரிந்திருக்கும்.

பிப்ரவரி 27, வியாழன்

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

நான்கு மணிக்கே கூடம் நிறைந்துவிட்டது. லிஃப்ட்காரர் மேலே இருப்பவளை அழைத்தார். இரைச்சல். திரும்ப அழைத்தார். இரைச்சல். மூன்றாவது தடவை, இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், பக்கத்து வீட்டிலிருந்து கூப்பிடுகிற மாதிரி— "கேக்குது, நல்லாவே கேக்குது, ஓவர்." என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தலைமையாசிரியை என் முழங்கையைக் கிள்ளினார், இன்னும் சிவந்திருக்கிறது.

ஒன்று, இரண்டு, மூன்று... தோரணம் மாதிரி போனது. பத்து வரை ஒரு பிசிறு இல்லை.

பதினொன்றாம் எண். கேள்வியை ஏழே வினாடியில் கேட்டாள். வாயை மூடிக்கொண்டாள். அசையாமல் நின்றாள். கை பொத்தானை அழுத்தியபடியே இருந்தது.

அமைதி. லிஃப்ட்காரர் ஏரியல் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று காட்டுகிற டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார், கவனிக்கவில்லை. அந்தப் பிள்ளை பதிலுக்காகக் காத்திருக்கிறது. மேலே இருப்பவள் பதில் சொல்லியே இருப்பாள், நமக்குத்தான் கேட்கவில்லை. நான் மனசுக்குள் திட்டினேன். என்ன பிள்ளை இது, அடிப் பாவி, என் கொசு நேரத்தைத் தின்னுறியே... எழுதக் கூசுகிறது, ஆனால் திட்டினேன். அவர் திரும்பிப் பார்த்து அவள் விரலை எடுத்துவிட்டு, திரும்பக் கேட்கச் சொல்லி, பதில் வந்து சேர்வதற்குள் நாற்பது வினாடி போய்விட்டது.

பதினாறுக்கு இரைச்சல் கூடியது. பதினேழின் பதில் பாதி கரைந்துவிட்டது. லிஃப்ட்காரர் ஒற்றை விரலைக் காட்டினார். ஒரே ஒரு மூச்சுக்குத்தான் நேரம் என்று அர்த்தம்.

கொசு மைக்கைப் பிடித்தாள். கேள்வி கேட்கவில்லை.

"உங்களோட பேசினதுக்கு நாங்க பதினெட்டு பேரும் நன்றி சொல்றோம். பத்திரமா வாங்க. ஓவர்."

பொத்தானை விட்டாள். இரைச்சலுக்கு அடியிலிருந்து, "பதினெட்டு பேருக்கும்—" என்று வந்தது. அதற்கு மேல் வரவில்லை.

எல்லோரும் எழுந்து கை தட்டினார்கள். டீச்சர் அழுதாள். வீட்டுக்கு வருகிற வழியில் கேட்டேன், "ஏன்டி, ஒரு மாசமா மோந்து மோந்துன்னு உயிரை வாங்கினியே, கேட்டிருக்கலாமே?"

"கேட்டிருந்தா பதில் வந்திருக்காது பாட்டி. யாராவது நன்றி சொல்லணும்ல? போறவங்களை அப்படியே விட்டுடுவாங்களா?"

நான் அவள் பையை வாங்கிக்கொண்டேன்.

பிப்ரவரி 28, வெள்ளி

பதினொன்றாம் எண் பள்ளிக்கு வரவில்லையாம். அவளால்தான் கொசுவின் கேள்வி பறிபோயிற்று என்று வகுப்பில் யாரோ சொல்லிவிட்டார்கள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாயை மூடு, அசையாம நில்லு. ஓவர் வேண்டாம். கையில் கரண்டி. கரண்டியில் ஏது பொத்தான்? இருபது தடவை சொல்லிக் கொடுத்தது யார்? அந்தப் பிள்ளை நான் சொன்னதை அப்படியே செய்திருக்கிறாள். ஒரு நூல் பிசகவில்லை. தப்பு முழுக்க என்னுடையது.

நேராக அவர்கள் வீட்டுக்குப் போனேன். அம்மா துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். "அவ யாரையும் பாக்கமாட்டேங்கிறாம்மா" என்றாள். கதவுக்குப் பின்னால் இரண்டு கால் தெரிந்தது. கதவைப் பார்த்தே பேசினேன்.

"கண்ணு, தப்பு பண்ணினது நான். ஓவரை வேணாம்னு சொன்னது யாரு? இந்தக் கிழவிதானே?"

உள்ளேயிருந்து பதில் வந்தது, "நீங்க அசையாம நில்லுன்னீங்க பாட்டி. அதான் கையையும் அசைக்கல."

"ஆமாடி. இத்தனை வருஷத்துல நான் சொன்னதை அப்படியே கேட்ட ஒரே ஆள் நீதான். எங்க வீட்டுல ஒருத்தருக்கும் அந்தப் பழக்கம் இல்ல."

கதவு திறந்தது. மூக்கு சிவந்திருந்தது, ஆனால் சிரித்தாள். அவள் அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு எனக்கு டீ போட்டாள். திட்டியிருக்கலாம். திட்டவில்லை. நல்ல மனுஷர்கள்.

மார்ச் 3, திங்கள்

காலையில் வகுப்புக்கே போய், டீச்சர் அனுமதியோடு, பிள்ளைகள் முன்னால் சொன்னேன், யார் தப்பு என்று. ஐந்தாம் வகுப்புக்கு மேல் எந்த வகுப்பிலும் நான் நின்றதில்லை. சொல்லி முடித்ததும் பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி, "ஓவர்" என்றாள். வகுப்பே சிரித்தது. பதினொன்றாம் எண்ணும் சிரித்தாள். கொசுவுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

மார்ச் 14, வெள்ளி

லிஃப்ட்காரர் அவர் ஊரிலிருந்து படம் அனுப்பியிருக்கிறார். அட்டை போட்ட பெரிய படம், பிள்ளைகள் எல்லோரும் ஏரியலுக்குக் கீழே. என் கொசு நடுவில், ராணி மாதிரி, பல் தெரிய. மருமகள் உடனே சட்டம் போடலாம் என்றாள். நானும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். ஓரத்தில் பதினொன்றாம் எண்ணுக்கு ஒரு தோளும் பாதிச் சடையும்தான் இருக்கிறது. முகம் வெட்டுப்பட்டுவிட்டது.

உட்கார்ந்து கடிதம் எழுதினேன். எழுதியதை இங்கேயும் குறித்து வைக்கிறேன்.

'தம்பிக்கு, படம் வந்து சேர்ந்தது, ரொம்ப நன்றி. நீங்கள் செய்ததை எங்கள் வீட்டில் யாரும் மறக்கமாட்டோம். பை கிழிந்தால் அனுப்புங்கள், தைத்துத் தருகிறேன். இந்தப் படத்தில் முழுசாகப் பதினேழு பேர்தான் இருக்கிறார்கள். பதினெட்டுப் பேரும் முகம் தெரிய நிற்கிற படம் வேறு ஒன்று நிச்சயம் எடுத்திருப்பீர்கள். அதைத் தபாலில் அனுப்புங்கள். அதில் என் பேத்தி கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை.'