அண்ணி தூங்க வரும் வீடு

பிப்ரவரி 3, செவ்வாய்

இன்று முதல் அண்ணி என் வீட்டுக்கு வந்து தூங்கப் போகிறார். பகலில். இரவெல்லாம் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. காலையில் தன் வீட்டுக்குப் போய்ப் படுத்தால், கட்டிலுக்கு அடியில் யாரோ சம்மட்டி அடிப்பது போலிருக்கிறதாம். அவர் வீடு இரண்டாம் மாடி. அதற்கு நேர் கீழே ஜிம். இரும்பைத் தூக்குகிறார்கள், போடுகிறார்கள். தூக்குவதில் தொந்தரவில்லை, போடுவதில்தான்.

நான் ஆபீசுக்குக் கிளம்பும் நேரத்தில் கண்கள் சிவந்து வாசலில் வந்து நின்றார். படுக்கை விரிப்பை மாற்றி, ஜன்னலை மூடி வைத்திருந்தேன்.

"உனக்குத்தான் தொந்தரவு" என்றார்.

"என்ன அண்ணி இப்படிப் பேசறீங்க" என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டிக்கொண்டு ஓடி வந்துவிட்டேன். நிஜமாகவே ஓடினேன். லிஃப்டுக்குக்கூட நிற்கவில்லை.

பிப்ரவரி 4, புதன்

இன்றும் சொல்லவில்லை.

பிப்ரவரி 7, சனி

வாயால் சொல்ல முடியாததை எழுதியாவது வைக்கிறேன்.

அந்தக் கட்டடத்துக்கு பிளான் போட்டவள் நான். கீழே கடைகள், முதல் மாடியில் ஜிம்மும் பல் டாக்டரும், அதற்கு மேல் வீடுகள். ஒரே கூரையின் கீழ் வீடும் கடையும் இருந்தால் தெரு இருட்டிக் கிடக்காது, பால் வாங்க வண்டி எடுக்க வேண்டாம், வயதானவர்கள் இறங்கி வந்து நாலு மனிதர்களைப் பார்க்கலாம். இதை நான் நம்பித்தான் செய்தேன். இப்போதும் நம்புகிறேன். அதில் பொய் கிடையாது.

அண்ணனும் அண்ணியும் அந்த வீட்டை வாங்கலாமா என்று கேட்டு வந்தார்கள். அண்ணிக்கு ஒரே சந்தேகம்தான். "கீழ ஜிம் வருதாமே. நான் பகல்ல தூங்கறவ. சரிப்படுமா?"

அப்போது நான் சொன்னது: "அண்ணி, ஜிம் தரையே தனி. கான்கிரீட்டுக்கு மேல ரப்பர், அதுக்கு மேல இன்னொரு கான்கிரீட். அது கட்டடத்தைத் தொடவே தொடாது. யானை குதிச்சாலும் உங்களுக்குக் கேக்காது."

சொன்ன அன்று அது உண்மை. பிளானில் அப்படித்தான் இருந்தது.

ஆனால் ரப்பரும் இன்னொரு கான்கிரீட்டும் போட்டால் ஜிம் தரை ஒரு சாண் உயரும். லிஃப்ட் கதவுக்கு எதிரே ஒரு சின்னச் சரிவு வைக்க வேண்டும். அந்தச் சரிவு எனக்குக் கண்ணில் விழுந்த தூசி மாதிரி உறுத்தியது. லிஃப்டிலிருந்து கடைசிக் கண்ணாடிச் சுவர் வரை ஒரே தரையாக, மடிப்பே இல்லாமல் ஓட வேண்டும் என்று ஆசை. தடிமனான பாய் விரித்தால் போதாதா? நானே கேட்டுக்கொண்டேன், போதும் என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். சத்தம் பற்றி ஆலோசனை சொல்ல வந்தவர் போதாது என்று தலையை ஆட்டினார்; அவர் எப்போதும் பயமுறுத்துகிறவர் என்று தள்ளிவிட்டு, பிளானிலிருந்து ரப்பரை எடுத்துவிட்டேன். பில்டருக்கு வேலை மிச்சம், அவர் ஏன் கேட்கப் போகிறார்?

மடிப்பில்லாத அந்தத் தரையைப் பத்திரிகையில் படம் போட்டார்கள். எங்கள் ஆபீஸ் முன்னறையில் அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறோம்.

அதற்குள் அண்ணி வீட்டை வாங்கிவிட்டிருந்தார். நான் சொல்லவில்லை. பிறகு சொல்லலாம் என்று முதலில் நினைத்தேன். பாய் போதும், சொல்லவே தேவை வராது என்று அடுத்து நினைத்தேன். அப்புறம் நினைப்பதையே விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 12, வியாழன்

சாயங்காலம் வீடு திரும்பினால் கொடியில் கிடந்த என் துணிகளையெல்லாம் மடித்து அடுக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். கிழிந்த தலையணை உறையைத் தைத்தும் வைத்திருக்கிறார். இதற்கு இரண்டு அறை விட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணியோடு லிஃப்டுக்கு வந்தால், வாசலில் ஜிம் நடத்துகிறவர். எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆள் கதவு உயரம், குரலோ கோழிக்குஞ்சு. அண்ணியைக் கண்டதும் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டார்.

"மேடம், பசங்ககிட்ட சொல்லிட்டேன். குழந்தையைத் தொட்டில்ல போடற மாதிரி இரும்பை வைங்கடான்னு. பாய்க்கு மேல பாய் போட்டுட்டேன். கை நழுவிடுது, என்ன பண்றது. மன்னிச்சுக்கங்க."

அண்ணி நேராக லிஃப்டுக்குள் போய்விட்டார். பின்னாலேயே நானும் போனேன். கதவு மூடும் வரை அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டே நின்றார். தப்புப் பண்ணாதவர் மன்னிப்புக் கேட்கிறார், பண்ணியவள் லிஃப்ட் பொத்தானை அமுக்குகிறாள்.

பிப்ரவரி 20, வெள்ளி

நேற்று ஆஸ்பத்திரியில் அண்ணி ஒரு நோயாளிக்குப் போட வேண்டிய ஊசியைப் பக்கத்துக் கட்டிலுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாராம். கடைசி நிமிடத்தில் பெயரைப் படித்துப் பார்த்து நிறுத்தியிருக்கிறார். என் சமையலறையில் நின்றுகொண்டு இதைச் சொன்னார். கையை இரண்டு தரம் கழுவினார்.

"இத்தனை வருஷத்துல நான் இப்படிப் பண்ணினதே இல்ல. தூக்கம் கெட்டுப் போச்சு, மூளையும் கெட்டுப் போச்சு. இங்க வந்து தூங்கறது அரைத் தூக்கம்தான், உன் வீட்டைக் குறை சொல்லல. தன் கட்டில் மாதிரி வருமா? யாராவது செத்திருந்தா நான் எங்க போய் முட்டிக்கறது?"

செத்திருந்தா. யாரோ ஒருத்தர், என்னைப் பார்த்தே இராத ஒருத்தர், என் வழுவழுப்பான தரைக்காகச் செத்திருப்பார்.

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டாமா நான்? வாய் வரைக்கும் வந்துச்சு. "காபி போடட்டுமா அண்ணி?"ன்னு கேட்டேன். தூங்க வந்தவங்களுக்குக் காபி! நானெல்லாம் ஒரு மனுஷியா?

பிப்ரவரி 24, செவ்வாய்

அண்ணியே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்.

"அந்த மாஸ்டர் ரப்பரை உருவிட்டான். இல்ல, போடாமலே ஏமாத்திட்டான். நீ போட்ட பிளான்ல அது இருந்தது இல்ல?"

"இருந்தது" என்றேன்.

இருந்தது. பொய்யே இல்லாத வார்த்தை. இதைச் சொன்னதற்குப் பதிலாக நேராகவே ஒரு பொய்யைச் சொல்லித் தொலைத்திருக்கலாம்.

பிப்ரவரி 25, புதன்

ஞாயிற்றுக்கிழமை குடியிருப்பவர்கள் கூட்டம். ஜிம்மைக் காலி செய்யச் சொல்லப் போகிறார்களாம். முன்னால் நிற்பது அண்ணிதான். "நீ வந்து ஒரு வார்த்தை சொல்லிடு. பிளான் போட்டவளே சொன்னா அவன் வாயைத் திறக்க முடியாது."

பிப்ரவரி 27, வெள்ளி

ஆபீசில் முதலாளியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் பெரியவர். வயதென்னவோ அண்ணனைவிடக் குறைவு. அந்தத் தரை மாற்றத்துக்குக் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். கேட்டுக்கொண்டே பென்சில் சீவினார்.

"கட்டடத்தை ஒப்படைச்சாச்சு. இனிமே அவங்க பாடு. நீ அந்தப் பக்கமே போகாதே, தலைவலின்னு சொல்லிடு. பழைய பஸ் டிப்போ இடம் நமக்கு வருது, தெரியுமில்ல? கடை, வீடு, பள்ளிக்கூடம், ஒரு தெருவே நீ வரையலாம். உன் கையிலதான் குடுக்கறதா இருக்கேன். இப்பப் போய் வாயைக் குடுத்து மாட்டிக்காதே."

ஒரு தெருவே. படிக்கிற காலத்திலிருந்து நான் கேட்டது அதைத்தான்.

மார்ச் 1, ஞாயிறு, காலை

சாயங்காலம் கூட்டம். போகவா வேண்டாமா? தலைவலி உண்மையாகவே வந்துவிட்டது. சொல்லிவைத்த மாதிரி.

அதே நாள், கூட்டம் முடிந்து

போனேன்.

வண்டி நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். மாஸ்டருக்கு மட்டும் யாரும் நாற்காலி தரவில்லை. தூணோரமாக நின்றிருந்தார். அண்ணி எழுந்து பேசினார். தூக்கமில்லாமல் போனது, ஊசி விஷயம், எல்லாம். முடிக்கும்போது என் பக்கம் கையைக் காட்டினார்.

"இவ என் நாத்தனார். இந்தக் கட்டடத்துக்கு பிளான் போட்டவ. யானை குதிச்சாலும் கேக்காதுன்னு எனக்கு வாக்குக் குடுத்தவ. மத்ததை அவளே சொல்லட்டும்."

பெருமையாகச் சொன்னார். அந்தப் பெருமையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நான் எழுந்திருப்பதற்குள் மாஸ்டர் முந்திக்கொண்டார். "மேடம், எனக்குக் குடுத்தப்பவே தரை இப்படித்தான் இருந்துச்சு. நான் எதையும் எடுக்கல. சத்தியமா எடுக்கல."

"அவர் எடுக்கல" என்றேன். "நான்தான் எடுத்தேன். பிளான்ல இருந்துச்சு, அதை நானே மாத்திட்டேன். வீடு வித்ததுக்கு அப்புறம். யார்கிட்டயும் சொல்லல."

பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்: "ஏம்மா?"

இதற்கு நான் தயாராக வரவில்லை. செலவு என்று சொல்லியிருக்கலாம், பில்டர் நெருக்கினார் என்றிருக்கலாம். எல்லோரும் நம்பியிருப்பார்கள்.

"லிஃப்ட் வாசல்ல ஒரு சரிவு வந்துச்சு. பார்க்க நல்லா இல்ல."

யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். அண்ணி மட்டும் உட்கார்ந்து, கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, அதன் ஜிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அண்ணன் கேட் வரை கூட வந்தான். "பஸ் இருக்கும்" என்றான்.

மார்ச் 2, திங்கள்

அண்ணி வரவில்லை. ஆபீசுக்குத் தாமதமாகும் வரை கதவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 6, வெள்ளி

கூட்டத்தில் அத்தனை பேர் முன்னால் சொன்ன பிறகு மறுக்க முடியவில்லை. தரையைப் பெயர்த்துச் சரி செய்ய ஆபீசும் பில்டரும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். பெரியவர் என்னைக் கூப்பிட்டுத் திட்டவில்லை. டிப்போ வேலையை வேறொருவரிடம் கொடுத்ததைக்கூட அவர் சொல்லவில்லை. கூட வேலை செய்கிறவர்கள்தான் சொன்னார்கள். எனக்கு ஒரு பங்களாவின் கார் ஷெட்.

தெரு போயிற்று. அழுகை வருமென்று நினைத்தேன், வரவில்லை. முன்னறையில் அந்தப் படம் இன்னும் தொங்குகிறது.

மார்ச் 19, வியாழன்

அண்ணனுக்கு போன் செய்தேன். "இப்ப எங்கடா தூங்கறாங்க?"

"ஆஸ்பத்திரியிலயே ஒரு ரூம். துணி மூட்டையெல்லாம் போட்டு வைப்பாங்களே, அங்க ஒரு பெஞ்ச்."

பெஞ்ச்ல. என் வீடு பகல் பூரா காலியாக் கிடக்கு. வந்து படுத்துக்கிட்டா என்ன? நான்தான் அந்த நேரத்துல இருக்கவே மாட்டேனே, என் முகத்தைக்கூடப் பார்க்க வேணாமே. சரி, எப்படி வருவாங்க? எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு நான் கூப்பிடுவேன்?

ஏப்ரல் 8, புதன்

ஜிம்மை மூடி வேலை நடக்கிறது. ஆபீசில் யாரும் போகச் சொல்லவில்லை. நானாக விடுப்புப் போட்டுவிட்டுப் போய் நின்றேன். ரப்பர் கட்டைகளை வரிசையாக வைத்தபோது ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தேன். கொத்தனார் என்னைப் பார்த்த பார்வையில், சந்தேகப் பிசாசு என்று முடிவு கட்டிவிட்டது தெரிந்தது.

மாஸ்டரும் வந்திருந்தார். பாதிப் பேர் வேறு ஜிம்முக்குப் போய்விட்டார்களாம்.

"நீங்க சொல்லலேன்னா நான் காலி பண்ணிட்டுப் போயிருப்பேன் மேடம்" என்றார். கொஞ்சம் கழித்து, "முன்னாடியே சொல்லியிருக்கலாம்" என்றார். இரண்டையும் ஒரே குரலில் சொன்னார்.

லிஃப்ட் வாசலில் சரிவு வந்துவிட்டது. பார்க்க அசிங்கமாகவே இல்லை. தள்ளி நின்று பார்த்தேன், குனிந்தும் பார்த்தேன். ஒன்றுமே தெரியவில்லை. இதற்காகவா?

ஏப்ரல் 29, புதன்

ஜிம்மைத் திறந்துவிட்டார்கள். அண்ணன் போனில், "சத்தமே இல்ல" என்றான். பின்னால் பாத்திரம் தேய்க்கும் ஓசை கேட்டது. அண்ணியாகத்தான் இருக்கும். அவரிடம் போனைக் கொடு என்று கேட்க எனக்குத் தைரியமில்லை, கொடுக்கட்டுமா என்று அவனும் கேட்கவில்லை.

மே 17, ஞாயிறு

அண்ணி கூப்பிட்டார். போன் திரையில் பெயரைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன்.

"நல்லா இருக்கியா" எதுவும் இல்லை. நேராக விஷயம்.

"கூட வேலை பார்க்கற பொண்ணு ஒரு வீடு பார்த்திருக்கா. கீழ கடை, மேல வீடு, அதே மாதிரிதான். பிளானை உனக்கு அனுப்பியிருக்கேன். எதெதை எங்கெங்க ஒளிச்சு வச்சிருக்காங்கன்னு பார்த்துச் சொல்லு. உனக்குத் தெரியாததா?"

குத்தலா, கிண்டலா, தெரியவில்லை. இரண்டும்தான். வாங்கிக்கொண்டேன். போனை ஸ்பீக்கரில் போட்டு வைத்து, கம்ப்யூட்டரில் பிளானைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் பக்கத்திலேயே கிடைத்தது. தண்ணீர் ஏற்றும் மோட்டார் அறை, படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம். மோட்டார் என்று எழுதாமல் வெறும் அறை என்று போட்டிருக்கிறார்கள்; ஆனால் குழாய்க் கோடுகள் எல்லாம் அங்கேதான் போய் முடிகின்றன.

"தலைமாட்டுலயே மோட்டார் ஓடும் அண்ணி. இந்த வீடு வேணாம்னு சொல்லுங்க. அந்தப் பக்கத்து வீடு பரவாயில்ல."

"நிச்சயமாவா?"

"நிச்சயமா. நேர்ல போய்ப் பார்த்துட்டும் சொல்றேன்."

"ம்" என்றார். எழுதிக்கொள்கிறார் போல. பேனா ஓடுவது கேட்டது. அந்த இடைவெளியில் என் வாய் சும்மா இருந்திருக்கலாம்.

"அண்ணி, இப்ப நல்லாத் தூங்கறீங்களா?"

பேனா நின்றது.

"அதை மட்டும் நீ கேக்காதே" என்றார்.

போனை வைத்துவிடுவார் என்று காத்திருந்தேன். வைக்கவில்லை.

"சரி, ரெண்டாவது பக்கத்துல என்ன இருக்கு, அதைச் சொல்லு" என்றார்.

பார்த்துச் சொன்னேன்.