பிரிக்காத உறை

மார்ச் 4

கொழுந்தியாளுக்கு,

உன் அக்கா போய் நாற்பத்தொரு நாள் ஆகிறது. நலம் விசாரிக்க இதை எழுதவில்லை.

கருப்பை வாய்ப் புற்றுநோய், முற்றிவிட்டது என்று டாக்டர் சொன்னபோது எனக்கு உன் முகம்தான் நினைவுக்கு வந்தது. பதினெட்டு வருஷமாகப் பரிசோதனைக் கூடத்தில் ஊரார் செல்களைப் பார்க்கிறவள் நீ. கூடப் பிறந்தவளை எச்சரிக்கத் தோன்றவில்லை. என் நண்பர்கள் முன்னால், "அக்காவையும் கொஞ்சம் பேச விடுங்க அத்தான்" என்று சொல்ல மட்டும் வாய் இருந்தது. ஒன்பது வருஷமாகியும் நான் அதை மறக்கவில்லை.

கடைசி வருஷம் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் உள்ளேயே இருப்பாள். "தண்ணி என்ன உங்கப்பன் வீட்டுதா?" என்று கத்துவேன். துணியில் பட்ட ரத்தத்தை அலசியிருக்கிறாள். இப்போதும் அந்தச் சத்தம் கேட்கிறது. பிளம்பர் வந்து பார்த்துவிட்டு, "குழாய் காஞ்சு கிடக்கு சார், உங்க காதுலதான் ஒழுகுது" என்றான்.

நீ பதில் சொல்லியாக வேண்டும்.

உன் அக்கா புருஷன்


மார்ச் 11

அன்புள்ள அத்தானுக்கு,

நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா?

இத்துடன் ஒரு பழைய உறை வைத்திருக்கிறேன். நாலு வருஷத்துக்கு முன் அக்காவுக்கு எழுதியது. போனில் என் குரல் கேட்டதும் வைத்துவிடுவீர்களே, அதனால் எழுதினேன். சிவப்பு மையில் "வாங்க மறுப்பு" என்று போட்டுத் திரும்பி வந்தது. யார் கையெழுத்து என்று, அச்சகத்தில் பிழை திருத்துகிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அன்றைக்கே பஸ் ஏறி வந்து உங்கள் வாசலில் நின்றிருக்க வேண்டும். ரோஷம் பார்த்தேன். அது என் தப்பு.

உங்கள் மகளுக்கு முப்பத்தொரு வயது. அவளும் இதுவரை கருப்பை வாய்ச் சோதனை செய்துகொண்டதில்லையாம். என்னோடு பேசக் கூடாதென்று சொல்லி வைத்திருக்கிறீர்களாம். ஐந்து நிமிஷ வேலை அத்தான். அனுப்புங்கள்.

அக்காவின் தங்கை


மார்ச் 20

சின்னவளுக்கு,

உன் அக்கா உன்னை இப்படித்தான் சொல்வாள்.

ஆறு நாள் அந்த உறை மேஜைமேல் கிடந்தது. இன்றுதான் பிரித்தேன். "ஒரு தொந்தரவும் இல்லாதபோதே வா அக்கா. செல்கள் மாறிப் புற்றாக ஆகப் பல வருஷம் பிடிக்கும். அதற்குள் கண்டுபிடித்தால் அந்த இடத்தை மட்டும் எடுத்துவிடலாம்" என்று எழுதி, சோதனைக்குத் தேதியும் குறித்திருக்கிறாய். கடைசி வரி: "அத்தானிடம் காட்டு. படித்தவர், புரிந்துகொள்வார்."

தபால்காரர் கொண்டுவந்த அன்று உன் அக்கா சமையலறையிலிருந்து, "யாரு லெட்டர்ங்க?" என்று கேட்டாள். "நமக்கில்ல" என்றேன்.

மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "சித்திகிட்ட இனிமே பேசலாமாப்பா?" என்றாள். முப்பத்தொரு வயதில் அதற்கும் என்னைக் கேட்கிறாள்.

வியாழக்கிழமை காலை அழைத்து வருகிறேன். நான் வெளியே உட்கார்ந்திருக்கிறேன். நீ கேட்பதற்கு அவளே பதில் சொல்லட்டும்.

குழாய்ச் சத்தம் நிற்கவில்லை. பிளம்பரை இனிக் கூப்பிடப் போவதில்லை.

அத்தான்