சர்க்கரை போடாத பிஸ்கோத்து

மாப்பிள்ளை,

இன்று காலை குரங்கணியிலிருந்து சுமை ஏற்றி வந்த ஆள் நான் சமைக்கிற மலைமேல் துரை பங்களாவின் குசினி வாசலில் ஒரு தகர டப்பாவை வைத்துவிட்டுப் போனான். பார்த்ததும் தெரிந்துவிட்டது. தேயிலை தீர்ந்துபோய்த் துரைசாணி எறிந்ததை நான் தேய்த்துக் கழுவி, உனக்குப் பிஸ்கோத்து அடைத்து அனுப்பிய அதே டப்பா. மூடியைத் திறந்தேன். பதினொரு வருஷம் சும்மா கிடந்தும் உள்ளே ஏலக்காயும் சுட்ட வாழைப்பழமும் மணக்கிறது.

டப்பாவோடு என் தங்கச்சி சொல்லி அனுப்பியதை அந்த ஆள் ஒப்பித்தான். "அவுக மகனுக்கும் அப்பாவுக்கு வந்த சீக்கே வந்திருக்காம். தண்ணி தண்ணின்னு குடிக்கிறானாம். அந்தச் சக்கரை போடாத பிஸ்கோத்தச் சுட்டு வெரசா குடுத்துவிடச் சொன்னாக."

உன் மகனுக்குப் பதினெட்டு வயது, மாப்பிள்ளை. இப்போதுதான் மீசை அரும்பியிருக்கிறது.

அடுப்பு இன்னும் பற்றவைக்கவில்லை. அந்தப் பிஸ்கோத்துதான் உன்னைச் சீக்கிரம் கொண்டுபோனது என்பது எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது, நான் சொல்லவில்லை. இன்று சொன்னால் அவள் மனசு என்ன பாடுபடும்? சொல்லாவிட்டால் உன் மகன் என்ன ஆவான்? கேட்க வேறு நாதியில்லாமல் உனக்கு எழுதுகிறேன். செத்தவனுக்குக் கடுதாசி எழுதுகிறவன் பைத்தியக்காரன் என்றால், இருந்துவிட்டுப் போகிறேன்.

தங்கச்சியைக் கட்டிக்கொடுத்த பிறகு உன்னை 'வாங்க போங்க' என்று கூப்பிடச் சொன்னார்கள். கூடச் சேர்ந்து கொட்டகுடி ஆற்றில் குதித்தவனை எப்படிக் கூப்பிடுவது? நீயும் விடவில்லை. "மச்சான், நீ மரியாதை குடுத்தா எனக்குக் கூச்சமா இருக்குடா" என்றாய். பொங்கல் பானையை வழித்து நக்கித்தான் கழுவப் போடுவாய். உனக்கா இந்தச் சீக்கு வரவேண்டும்!

ராசிங்காபுரத்து வயலில் இரண்டு ஆள் வேலை செய்தவன், வரப்பில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாமல் போனாய். நீ ஒன்றுக்குப் போன இடத்தில் எறும்பு மொய்த்தது. மதுரைக்கு வண்டி கட்டிக்கொண்டு போனோம். டாக்டர் உன் மூத்திரத்தை நீல மருந்தோடு சேர்த்துக் காய்ச்சினார். அது செங்கல் நிறமாக மாறியது. நீ என் காதைக் கடித்தாய். "மச்சான், நீ சமையக்காரன்தான? என்னமோ கொழம்பு வைக்கிறாரு, பக்குவம் சரியான்னு பாரு." சிரித்துத் தொலைத்தேன். டாக்டர் சிரிக்கவில்லை. இது நீரிழிவு, இதற்கு மருந்தே கிடையாது, இனிப்பை அறவே விட வேண்டும், சோற்றைக் கால்வாசியாகக் குறைக்க வேண்டும், பட்டினிதான் ஆயுசை நீட்டும் என்றார்.

பட்டினி உன்னைக் குதறியது. தொட்டதற்கெல்லாம் என் தங்கச்சி மேல் எரிந்து விழுந்தாய். ஒருநாள் மாட்டுக்கு வைத்த பருத்திக்கொட்டையை அள்ளி வாயில் போட்டுக்கொண்டதை நான் பார்த்துவிட்டேன். பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டேன். மலை ஏறும்போது வழியெல்லாம் அழுதேன்.

அந்தச் சமயத்தில்தான் துரைசாணிக்குக் கவுன் இடுப்பில் ஏறவில்லை என்று கவலை வந்தது. சர்க்கரையும் வெண்ணெயும் இல்லாமல், உடம்பு போடாத பிஸ்கோத்து செய்யக் கற்றுக்கொடுத்தாள். கோதுமைத் தவிடு, பிசைந்த மலைவாழைப்பழம், அரைத்த பேரீச்சம்பழம், ஏலப்பொடி, அவ்வளவுதான். ஒன்றை வாயில் போட்டதும் உன் ஞாபகம் வந்தது. ஒரு சிட்டிகை சர்க்கரை இல்லை, ஆனாலும் தித்திக்கிறது! சாமியே வழி காட்டியது என்று நினைத்தேன். என்ன புத்தி!

நான் மட்டுமா? விரதத்தன்று பழம் சாப்பிட்டால் சாப்பிட்டதாகவே சேர்த்தி இல்லை என்று வளர்ந்தவர்கள் நாம். என் தங்கச்சி சஷ்டி விரதம் முழுக்க வாழைப்பழத்தையும் பாலையும் வைத்துக்கொண்டே ஓட்டுவாள். டாக்டர் விடச் சொன்னது வெல்லத்தையும் சீனியையும்தான், பழத்தில் என்ன தோஷம் என்று மூன்று பேரும் பேசித் தீர்மானித்தோம். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம் எனக்குள் அப்போதே இருந்தது. இதை இன்றுதான் ஒப்புக்கொள்கிறேன்.

லீவு கேட்டு இறங்கி வந்து, உன் வீட்டு முற்றத்திலேயே முதல் தடவை சுட்டேன். பெரிய சட்டியில் மணல் பரப்பி, அதன்மேல் தட்டு வைத்து, மூடி மேலும் கங்கு போட்டேன். நீ சட்டியைவிட்டு நகரவே இல்லை. முதல் பிஸ்கோத்தை ஊதிக்கூட ஆற்றவில்லை. வாயைச் சுட்டுக்கொண்டு தின்றாய். "மச்சான், இதத் திங்கிறப்பத்தான்டா நான் மனுசனா இருக்கேன்" என்றாய். என் தங்கச்சி என் காலில் விழுந்தாள்.

அதன்பிறகு வாரம் தவறாமல் டப்பா இறங்கியது. இரண்டு மாதத்தில் உன் முகம் ஒட்டிப்போனது. நான் கூடுதலாக அனுப்பினேன். கண் மங்கியபோது இன்னும் கூடுதலாக அனுப்பினேன். நீ பாயோடு படுத்த பிறகுதான் உன் மூத்திரத்தைக் குப்பியில் பிடித்துக்கொண்டு மதுரைக்கு ஓடினேன்.

"என்னய்யா குடுத்தீங்க?" என்று கேட்டார் டாக்டர்.

"ஒரு பொட்டுச் சக்கரை குடுக்கலீங்க. வெறும் பழம் போட்ட பிஸ்கோத்துங்க."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "பழத்துல இருக்கிறது மட்டும் என்னய்யா? அதுவும் சர்க்கரைதான்." பிறகு, எப்படியும் ஆளைக் கொண்டுபோகிற சீக்குதான், பட்டினியோடு இருந்திருந்தால் ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ தள்ளியிருக்கும் என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார்.

நான் திரும்பி வந்தபோது உனக்கு நினைவில்லை. பிஸ்கோத்தைப் பாலில் நனைத்து என் தங்கச்சி உன் உதட்டில் வைத்துக்கொண்டிருந்தாள். கிண்ணத்தை வாங்கி ஓரமாக வைத்தேன். "டாக்டர் கைவிரிச்சுட்டாரு ஆத்தா" என்று மட்டும் சொன்னேன். மூன்றாம் நாள் போய்விட்டாய். கேதத்துக்கு வந்தவர்களிடமெல்லாம், கடைசிவரை அண்ணன் பிஸ்கோத்துதான் அவருக்கு ஆகாரம் என்று சொல்லிச் சொல்லி அழுதாள். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். மற்றவர்கள் துக்கம் என்று நினைத்தார்கள்.

இதுவரை எழுதிவிட்டு மலை இறங்கினேன், மாப்பிள்ளை. மீதியை உன் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஐந்து நாளாகிறது.

வந்த அன்றே சொல்லிவிட்டேன். வெறுங்கையோடு வந்தவனைப் பார்த்து, "பிஸ்கோத்து எங்கண்ணே?" என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். அப்படிச் செய்திருந்தால் தாங்கியிருப்பேன். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "கடைசி ரெண்டு வாரம் அவரு வேணாம் வேணாம்னுதாண்ணே சொன்னாரு. நான்தான தாடையப் புடிச்சு ஊட்டுனேன்?"

இது எனக்குத் தெரியாது. உன்னைக் கொன்ற பழியை என்னோடே வைத்துக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தேன். பாதியைத் தூக்கி அவள் தலையில் வைத்துவிட்டேன். வைக்காமல் உன் மகனைக் காப்பாற்ற வேறு வழி இருந்ததா? இருந்தால் சொல்லு. கனவிலாவது வந்து சொல்லு.

அன்று மத்தியானம் உன் மகன் வந்து சோற்றுக்கு உட்கார்ந்தான். அவள் அகப்பையை என் கையில் கொடுத்தாள். "நீ போடுண்ணே. எனக்குக் கை வரல." சொல்லிவிட்டு மாட்டுக்கொட்டத்துக்குள் போய் நின்றுகொண்டாள். ஐந்து நாளாக இப்படித்தான். வேளாவேளைக்கு உலை வைக்கிறாள், வடிக்கிறாள், பரிமாறுகிற நேரத்தில் போய்விடுகிறாள்.

துரைக்கு ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டேன், இனி மலை ஏற மாட்டேன். மதுரை டாக்டர் அன்று உனக்குச் சொன்ன கால்வாசிச் சோற்றை நான்தான் உன் மகனுக்கு வைக்கிறேன். வைத்த கையோடு சட்டியை மூடிவிடுகிறேன். வழித்துச் சாப்பிட்டுவிட்டு, உன் முகத்தை வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்க்கிறான், மாப்பிள்ளை. "இன்னும் கொஞ்சம் போடுங்க மாமா" என்கிறான்.