துப்பாக்கியில் நெற்கதிர்

பேர்லேண்ட், டெக்சஸ்
அக்டோபர் 24, 1999

அன்புள்ள மாமாவுக்கு,

சாந்தாமணி எழுதுவது. நானும் மேகலாவும் சுகம். அங்கே சன்னிவேலில் குளிர் ஆரம்பித்திருக்கும். ரூம்மேட் ஜன்னலைத் திறந்து போட்டுத் தூங்குகிறார் என்று நீங்கள் நடுங்கிக்கொண்டு கிடக்க வேண்டாம், எழுந்து சாத்துங்கள். தினமும் எல் கமீனோ ரோட்டுக் கடையில் பரோட்டா சாப்பிடுவதாக மேகலாவிடம் சொன்னீர்களாம். வாரத்தில் ரெண்டு நாளாவது ஒரு ரசம் வைத்துக்கொள்ளக் கூடாதா?

ஃபோன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். ஃபோனில் துப்பாக்கி என்று நான் ஆரம்பித்ததுமே உங்கள் குரல் ஏறுகிறது, என் குரலும் ஏறுகிறது, பிள்ளை ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். கடிதத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாமா, எனக்கு லைசென்ஸ் வந்துவிட்டது!

கோபப்படாமல் மேலே படியுங்கள்.

நீங்கள் இந்த ஒய்-டூ-கே கம்ப்யூட்டர் வேலைக்குக் கிளம்பிய வாரம்தான் பக்கத்து ஊர் ஆல்வினிலிருந்து ஹாலிஸ் வந்தார். நெல் விவசாயி, ஞாபகம் இருக்கும். நான் படம் வெட்டி எங்கிரேவ் பண்ணின பெல்ட் பக்கிளை யாருடைய இடுப்பிலோ பார்த்துவிட்டு விசாரித்துக்கொண்டு வந்தவர். தன்னுடைய வேட்டைத் துப்பாக்கியின் பக்கத் தகட்டில் நெல் வயலும் பறக்கிற வாத்துகளும் வேண்டும் என்றார். அன்றைக்கு நீங்கள் சொன்னதெல்லாம் எனக்கு அப்படியே காதில் இருக்கிறது. நாம் கிரீன் கார்டில் இருக்கிறோம், சட்டத்தில் ஒரு சின்னத் தப்பு வந்தாலும் குடும்பமே மாட்டும் என்றீர்கள். பிள்ளை இருக்கிற வீடு என்றீர்கள். கராஜில் இருக்கிற எங்கிரேவிங் மெஷினை விற்றுவிட்டு சன்னிவேலுக்கு வந்துவிடு என்றீர்கள். எனக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் உங்கள் பயத்தில் ஒன்றுகூட அநாவசியம் இல்லை என்பது மறுநாள் காபி போடும்போதே தெரிந்துவிட்டது. ஒவ்வொன்றுக்கும் பதில் கிடைக்கிற வரைக்கும் அந்தத் துப்பாக்கியைத் தொடுவதில்லை என்று முடிவு பண்ணினேன்.

துப்பாக்கி லைசென்ஸ் கொடுக்கிற ஃபெடரல் ஆபீஸுக்கு ஃபோன் போட்டேன். நான் துப்பாக்கி வாங்கவில்லை, விற்கவில்லை, செய்யவும் இல்லை, இரும்பின் மேல் படம் மட்டும் வெட்டுகிறேன், அதற்குக்கூடவா லைசென்ஸ் என்று கேட்டேன். தொழிலாகச் செய்தால் எங்கிரேவிங் மட்டும் என்றாலும் துப்பாக்கி ரிப்பேர் செய்கிறவருக்கு உள்ள அதே லைசென்ஸ் வேண்டும் என்றார் அந்த மனிதர். என் இங்கிலீஷை நானே நம்பாமல் திரும்பவும் கேட்டேன், அவரும் பொறுமையாகத் திரும்பவும் சொன்னார். கிரீன் கார்டு இருந்தால் அப்ளை பண்ணலாமாம். ஆனால் வீட்டில் தொழில் நடத்த ஊர் விதி இடம் கொடுக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொன்னார்.

நடுவில் ஹூஸ்டனில் ஒரு துப்பாக்கிக் கடைக்காரர், இத்தனை பாடு எதற்கு, என்னிடம் லைசென்ஸ் இருக்கிறது, வீட்டுக்கு எடுத்துப் போய் வேலை செய்து கொடு, பெயர் என்னுடையதாக இருக்கட்டும் என்றார். அவ்வளவு ஆசை என்றால் வேறு கடையின் பெயரில் செய் என்று நீங்களும் ஒருதரம் ஃபோனில் சொன்னீர்களே? விசாரித்தேன். அவருடைய லைசென்ஸ் அவர் கடை இருக்கிற இடத்துக்குத்தானாம், நம் கராஜுக்குச் செல்லாதாம். செல்லும் என்றாலும் நான் ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன் மாமா. கோயம்புத்தூரில் அச்சு வெட்டுகிற டை ஷாப்பில் இருந்தபோது சோப்பு அச்சில் நான் வெட்டின எழுத்தைத் தேய்த்து ஊரே குளித்தது. வெட்டினது யார் என்று ஒருத்தருக்கும் தெரியாது. அது போதும்.

நகரசபையில் பெரிய தொல்லை இல்லை. வாசலில் போர்டு வைக்காதே, வண்டிகள் வரிசை கட்ட விடாதே என்றதோடு சரி. சங்கடம் நம் சப்டிவிஷன் குடியிருப்போர் சங்கத்தில்தான் வந்தது. தெருவில் யாரோ சங்கத்துக்குப் புகார் எழுதிப் போட்டிருந்தார்கள். கூட்டத்துக்குத் தனியாகப் போனேன். முதல் வரி பேசும்போது மேஜையைப் பிடித்துக்கொண்டேன். வீட்டில் எத்தனை துப்பாக்கி இருக்கும் என்று ஒருவர் கேட்டார். வேலைக்கு வந்தது ஒன்றோ இரண்டோ, தோட்டா ஒன்றுகூட வாசல் தாண்டாது, சுவரோடு போல்ட் போட்ட இரும்பு பீரோவில் பூட்டியிருக்கும் என்றேன். அப்படியும் முகங்கள் இளகவில்லை. அப்போது எதிர்வீட்டு வாண்டா ஆன்ட்டி எழுந்து, இவள் மெஷின் ஓடுவது எனக்குக் கேட்டதே இல்லை, உங்கள் புல்வெட்டிதான் ஞாயிற்றுக்கிழமை என்னைத் தூங்க விடுவதில்லை என்று அந்த மனிதரைப் பார்த்தே சொன்னார். கூடமே சிரித்தது. அவரும் சிரித்தார். அப்புறம் எல்லாக் கையும் தூக்கியாகிவிட்டது!

அதன் பிறகு கைரேகை, போட்டோ, போலீஸுக்கு ஒரு காப்பி. செப்டம்பரில் ஃபெடரல் ஆபீஸிலிருந்து இன்ஸ்பெக்டர் அம்மா ஒருவர் வீட்டுக்கே வந்தார். பீரோவை ஆட்டிப் பார்த்தார். ராத்திரி தங்குகிற துப்பாக்கி ஒவ்வொன்றையும் பதிய வேண்டும், சீரியல் நம்பர் மேல் உளி படவே கூடாது என்றார். துப்பாக்கி சுட்டிருக்கிறாயா என்று கேட்டார். இல்லை, சுடும் ஆசையும் இல்லை என்றேன். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மேகலாவிடமும் தனியாகப் பேசினேன். நான் இல்லாமல் கராஜ் கதவைத் திறக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறாள், "ஐ ப்ராமிஸ், அம்மா" என்று. பீரோ சாவி குளிக்கும்போதுகூட என் கழுத்தில்தான்.

ஹாலிஸ் இத்தனை மாதமும் வேறு ஆளிடம் போகவில்லை. அவ்வப்போது கூப்பிட்டு, இன்னும் வரவில்லையா, பரவாயில்லை, வாத்துகளுக்கு ஒன்றும் அவசரமில்லை என்பார். லைசென்ஸ் வந்த அன்று அவருக்குத்தான் முதலில் சொன்னேன். துப்பாக்கியோடு, ரெண்டாம் அறுப்புக்கு நின்ற பயிரிலிருந்து ஒரு கொத்துக் கதிரும் கொண்டுவந்தார். அதை மெஷின் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மணி கனத்துத் தலை சாய்கிற அந்த வளைவை மட்டும் கையுளியால் வெட்டினேன். மூன்று வாத்து, தண்ணீரில் அவற்றின் நிழல்.

நேற்று வந்து வாங்கிக்கொண்டார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார். கடைசியில் கட்டைவிரலால் கதிரைத் தடவிவிட்டு, ட்ரக்கில் இருந்த மனைவியை, இங்கே வா, வந்து நம் வயலைப் பார் என்று கூப்பிட்டார். அவர்கள் போன பிறகு கராஜில் தனியாக நின்று விசில் அடித்தேன் மாமா! கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எனக்கு விசில் அடிக்கத் தெரியும் என்று உங்களுக்குத் தெரியுமா? இன்று காலை ஹாலிஸின் வேட்டைக் கூட்டாளிகள் மூன்று பேர் ஃபோன் பண்ணிவிட்டார்கள்.

சாயங்காலம் இங்கே பேர்லேண்ட் மீனாட்சி கோயிலில் உங்கள் நட்சத்திரத்துக்கு அர்ச்சனை செய்தேன். ஜனவரியோடு அந்த வேலை முடிகிறது என்றீர்கள். அதற்கப்புறம் எங்கே என்று நான் கேட்கவில்லை. வீட்டுக் கூரைக்கு இன்னும் இருபது வருஷம் கவலையில்லை என்று ஏறிச் சோதித்துப் பார்த்தவர் சொன்னார். அதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

லைசென்ஸைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். சாந்தாமணி வெங்கடகிருஷ்ணன் என்று அச்சடித்திருக்கிறது. செப்டம்பரில் அப்ளிகேஷனைப் பார்த்துவிட்டு, இதில் எது உன் பெயர் என்று இன்ஸ்பெக்டர் அம்மா கேட்டார். முதலாவது நான், ரெண்டாவது என் வீட்டுக்காரர், கலிபோர்னியாவில் இருக்கிறார், வந்துவிடுவார் என்றேன். அடுத்த மாசம் தாங்க்ஸ்கிவிங் லீவுக்கு வாங்க மாமா. வந்து உங்கள் பெயரைப் பாருங்கள்.

ஆத்தா உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

வழி பார்த்திருக்கும்,
சாந்தாமணி