இக்ரா ஒன்றரை மணி நேரம் தூங்கினாள்

பிப்ரவரி 3, திங்கள்

வேலை கேட்டுப் போன பிளே ஸ்கூல்காரிக்கு மனசுக்குள் இன்னும் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். இரண்டு வருடம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போய் வாங்கிய மழலையர் கல்வி டிப்ளமோ. அதை ஒரு விரலால் தள்ளி வைத்துவிட்டு, "இங்கிலீஷ் வராதுங்களா? அப்ப ஆயா போஸ்ட்தான் இருக்குதுங்க" என்கிறாள். எங்கள் வேலம்பாளையம் அங்கன்வாடியில் காலியிடம் இல்லை. வீட்டுக்கு வந்தால் என் வீட்டுக்காரர் சண்முகவேல், "பீத்துணி அலசறதுக்கு டிப்ளமோவா" என்று சிரிக்கிறார்.

சிரிக்கட்டும். எட்டு வருடம் பனியன் கம்பெனி செக்கிங் டேபிளில் நின்று ஓட்டை தேடியாயிற்று. இன்று ஹெச்.ஆர். வேல்குமார் சார் கூப்பிட்டார். "நம்ம கிரெச்சுக்கு டீச்சர் வேணும் சத்யா. நாளைக்கே வந்துருங்க." வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அறை. எங்கள் கம்பெனியிலேயே.

பிப்ரவரி 4

கிரெச் சாவி வேல்குமார் சார் டிராயரில் இருந்தது. பொம்மைகள் எல்லாம் பிளாஸ்டிக் கவருக்குள். ஒரு கரடியைப் பிரிக்கப் போனேன்.

"கவரப் பிரிக்காதீங்க. வெள்ளிக்கிழமை ஆடிட் முடிஞ்சதும் அப்படியே எடுத்து வெச்சிரோணும்."

"கொழந்தைங்க?"

"அன்னிக்கு மட்டும் பத்துப் பேரக் கூட்டியாரச் சொல்லியிருக்கறனுங்க."

நம் துணியை வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் அனுப்பும் ஆடிட். அன்றைக்கு மட்டும் திறக்கிற கதவு. தினமும் அதைத் தாண்டித்தான் சாப்பிடப் போகிறேன். பூட்டியிருக்கிறதே என்று ஒரு நாள் கேட்டேனா?

அக்டோபரிலிருந்தே அந்தப் பத்துப் பிள்ளைகளும் தினமும் வந்ததாக ரிஜிஸ்டர் எழுத வேண்டுமாம். பாஸானால் தினமும் திறப்பார்களாம், நான் நிரந்தர டீச்சராம்.

பிப்ரவரி 5

எழுதினேன். ஒரே நாளில் எழுதியது தெரியக் கூடாதென்று மூன்று பேனா மாற்றினேன். யாரும் சொல்லவில்லை, நானாகச் செய்தேன். ஒவ்வொரு பிள்ளையும் என்ன சாப்பிட்டது, எவ்வளவு நேரம் தூங்கியது என்று தினமும் குறிக்க டிப்ளமோ வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அப்படியே குறித்தேன். எழுதும்போது சந்தோஷமாக இருந்தது. அதுதான் கேவலம்.

பிப்ரவரி 7, வெள்ளி

ஆடிட் பாஸ். சென்னையிலிருந்து வந்த மேடம், "இவ்வளவு விவரமா யாரும் எழுத மாட்டாங்க" என்றார். எனக்குப் பெருமை வேறு.

சாயங்காலம் நான்காவது லைன் டெய்லர் சைதுன்னிசா வந்து மகளைத் தூக்கினார். இக்ரா, மூன்று வயது. தூக்கியதில் சட்டைக் கை மேலேற, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் பளபளவென்று சுருங்கியிருந்தது. காலையிலிருந்து முழுக்கைச் சட்டை. நான் பார்க்கவில்லை.

"நவம்பர்லங்க. இவள உள்ள விட்டு ஊட்டப் பூட்டிட்டு வேலைக்கு வந்துட்டேன். வடிச்ச கஞ்சி கீழ இருந்துது, அவசரத்துல கவனிக்கலீங்க."

"எந்தத் தேதிங்க?"

"பத்தொம்போது. செவ்வாக்கெழம."

பிப்ரவரி 8

ரிஜிஸ்டரைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். நவம்பர் 19: இக்ரா. பருப்பு சாதம் முழுவதும் சாப்பிட்டாள். ஒன்றரை மணி நேரம் தூங்கினாள்.

என் கையெழுத்து. என் கையெழுத்து.

பிப்ரவரி 10, திங்கள்

கிரெச் பூட்டு. "மேனேஜ்மென்ட் யோசிக்குதுங்க, நீங்க செக்கிங்குக்கே போயிருங்க."

கேட்டேவிட்டேன். பொய் எழுத வைத்தீர்களே, அந்தப் பிள்ளையின் கையைப் பார்த்தீர்களா? வேல்குமார் சார் குரலை உயர்த்தவே இல்லை. "எழுதுனது யாரு சத்யா? கீழ கையெழுத்து யாரோடது?"

அடப் பாவி. செக்கிங் டேபிளுக்கே திரும்பி வந்தேன்.

பிப்ரவரி 12

இன்றைக்கு நாற்பது பீஸில் ஓட்டையை விட்டுவிட்டேன். கண் அதில் இல்லை.

மார்ச் 6, வியாழன்

அதே ஆடிட் மேடம், சொல்லாமல் வந்துவிட்டார். கிரெச்சைத் திறப்பதற்குள் வேல்குமார் சாருக்கு வேர்த்துவிட்டது. பிள்ளைகள் இல்லை. "இன்னிக்கு எல்லாருக்கும் காய்ச்சலுங்க மேடம்" என்கிறார். பத்துப் பேருக்குமா? என்னைச் செக்கிங்கிலிருந்து இழுத்து வந்து நிறுத்தினார்கள்.

"ரிஜிஸ்டர் நீங்க எழுதினதுதானே?" என்றார் மேடம்.

"நான் எழுதுனதுதானுங்க. பூராப் பொய். ஒரே நாள்ல எழுதுனேன்."

அவ்வளவுதான் சொன்னேன். நவம்பர் 19 பக்கத்தை நானே திருப்பிக் காட்டினேன்.

மார்ச் 7

நாளையிலிருந்து வர வேண்டாமாம். காரணம், போலி ரிஜிஸ்டர் தயாரித்தது. சிரிப்பு வருகிறது, ஆத்திரமும் வருகிறது. என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. சாப்பாட்டை எடுத்து வைத்தார்.

ஜூன் 9, திங்கள்

ஆயா போஸ்ட்தான். அதே பிளே ஸ்கூல். பீத்துணியும் அலசுகிறேன். இங்கிலீஷ் டீச்சர் போனதும் பிள்ளைகள் என் மடியில்தான் வந்து விழுகின்றன, அதற்கு என்ன போஸ்ட் என்று அந்த ஸ்கூல்காரி சொல்லட்டும்.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் சைதுன்னிசாவைப் பார்த்தேன். கிரெச் ஏப்ரலிலிருந்து தினமும் திறக்கிறார்களாம். டீச்சர் யாரோ அவிநாசிப் பெண்.

நான் உட்கார வேண்டிய நாற்காலி. வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்?

"இக்ரா மத்தியானம் தூங்கறாளுங்களா?"

"ஒன்றர மணி நேரம் தூங்கறான்னு நோட்டுல எழுதியிருக்குதுங்க."

"நோட்ட விடுங்க. நீங்க பாத்தீங்களா?"

"டீ டைம்ல போய்ப் பாத்தனுங்க. வாயத் தொறந்துட்டுத் தூங்கறா."

"பொம்மையெல்லாம் கவருக்குள்ளதான இருக்குது?"

"கவரா? அதெல்லாம் இல்லீங்க. அந்தக் கரடிக்கு ஒரு காதே இல்ல, எவனோ கடிச்சுப் போட்டான்."

பஸ் வந்துவிட்டது. நாளைக்கு எட்டரைக்குப் பள்ளியில் இருக்க வேண்டும்.